காரின் டிக்கியில் ஓர் ஊர்: பிக் கிரிட்டின் ஆல்பங்கள்

முதுகலைப் படிப்புக்காக 2003 ஆகஸ்டில் மிசிசிப்பியில் வந்து இறங்கியபோது, அந்த மாநிலத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது அதன் பெயரை ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டுவது மட்டும்தான். பல்கலைக்கழகத்தை ஒட்டிய பழைய அடுக்ககம் ஒன்றில் நான்கு பேர் சேர்ந்து குடியிருந்தோம். சாயங்காலம் ஆறரை மணி வாக்கில் சமையலறை அலமாரியில் தட்டுகள் உரசிக்கொள்ளும். ரசச் சட்டியின் மூடி தானாக ஆடும். முதல் நாள் நிலநடுக்கம் என்று நினைத்து வெளியே ஓடிவந்தோம். எதிர் பிளாக்கில் இருந்த கறுப்பின இளைஞர் வேலை முடிந்து வந்து காரை நிறுத்திக்கொண்டிருந்தார். பாட்டு என்று எதுவும் எங்கள் காதில் விழவில்லை. பாட்டு காருக்குள் இருந்தது. அதன் அதிர்வு மட்டும் எங்கள் ரசத்துக்கு வந்து சேர்ந்தது.

எங்களுக்கு முன்னால் வந்திருந்த சீனியர்கள் முதல் வாரமே சொல்லிவிட்டார்கள்: ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் போக வேண்டாம், ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் அந்தப் பெட்ரோல் பங்குக்குப் போக வேண்டாம், இவர்களிடம் பேச்சு வைத்துக்கொள்ள வேண்டாம். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. ஊரிலும் இப்படித்தான், எந்தத் தெருவுக்குப் போகக்கூடாது என்பதை யாரும் காரணத்தோடு சொல்லிக்கொடுத்ததில்லை.

அக்டோபரில் ஒருநாள் நல்ல மழை. மளிகைப் பைகளோடு சாலையோரம் நனைந்துகொண்டு வந்த என் பக்கத்தில் அந்தக் கார் நின்றது. ஏறிக்கொள்ளச் சொன்னார். அதிர்வின் உள்பக்கம் எப்படி இருக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. டிக்கியில் இருந்த சப்வூஃபர் முதுகெலும்பு வழியாகப் பேசியது. பாடிக்கொண்டிருந்தவர் டேவிட் பேனர். அந்த வருஷம்தான் 'மிசிசிப்பி: தி ஆல்பம்' வந்திருந்தது. 'நம்ம மாநிலத்து ஆளு' என்று பெருமையாகச் சொன்னார். பிறகு, நீ எந்தப் பக்கம், பட்டிக்காடா பட்டணமா என்று கேட்டார். அவர் சொன்ன சொல் 'கன்ட்ரி'. நான் தயங்காமல் 'சென்னை' என்றேன்.

விளாத்திகுளத்துக்குப் பக்கத்தில் நானூறு வீடுகள் உள்ள ஒரு கரிசல்காட்டு ஊர் என்னுடையது. அன்றைய தேதிக்கு நான் சென்னையில் மொத்தம் பதினோரு நாள் இருந்திருப்பேன், அதுவும் விசாவுக்காக.

பிக் கிரிட்டைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இந்தப் பொய்தான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. ஏனென்றால் அவருடைய பதினைந்து வருஷப் பாட்டு முழுவதும் அந்த ஒரு கேள்விக்குச் சொல்லிப் பார்த்த பதில்கள்தான்.

*

கன்ட்ரி என்ற சொல் அமெரிக்க ஹிப் ஹாப்பில் வெகுகாலம் வசையாகவே இருந்தது. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் பிறந்த கலை அது. பிறகு லாஸ் ஏஞ்சல்ஸ் தனக்கொரு பங்கைப் பிடித்துக்கொண்டது. தெற்கிலிருந்து வருபவன் இழுத்து இழுத்துப் பேசுகிறவன், சொல் தெரியாதவன், ஆட்டத்துக்கு மட்டும் ஆகிறவன். 1995 ஆகஸ்டில் நியூயார்க்கில் நடந்த 'சோர்ஸ்' பத்திரிகை விருது விழாவில் அட்லான்டாவின் அவுட்காஸ்ட் இரட்டையர் சிறந்த புதுக்குழுவாகத் தேர்வானபோது அரங்கம் கூச்சலிட்டு ஏசியது. மேடையில் நின்ற ஆந்த்ரே, தெற்குக்கும் சொல்ல விஷயம் இருக்கிறது என்ற பொருளில் ஒரே ஒரு வாக்கியம் பேசிவிட்டு இறங்கினார். தெற்கத்திய ராப்பைப் பற்றிய எந்த வரலாறும் அந்த இரவைத் தொடாமல் போவதில்லை.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிற ஆள் டெக்சஸ் மாநிலத்தின் போர்ட் ஆர்தரிலிருந்து வந்த யூஜிகே குழுவின் பிம்ப் சி. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் புகை மூடிய சின்ன ஊர் அது. நாங்கள் செய்வது ஹிப் ஹாப்பே இல்லை, 'கன்ட்ரி ராப் டியூன்ஸ்' என்று அவர் சொல்லிவந்தார். உங்கள் வீட்டுக்குள் இடம் கேட்டு நான் நிற்கவில்லை, எனக்கு என் திண்ணை இருக்கிறது என்கிற தொனி அதில். தேவாலய ஆர்கன், ப்ளூஸ் கிட்டார், மெதுவான தாளம், அதன்மேல் கொஞ்சமும் திருத்தப்படாத உச்சரிப்பு. 1996இல் வந்த 'ரைடின் டர்ட்டி' அந்தத் திண்ணையின் உச்சம். பிம்ப் சி 2007 டிசம்பரில் இறந்துபோனார்.

ஹூஸ்டன், மெம்ஃபிஸ், அட்லான்டா, நியூ ஆர்லியன்ஸ் என்று தெற்கின் நகரங்கள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு ஒலியைச் செய்துகொண்டன. ஹூஸ்டனில் டிஜே ஸ்க்ரூ பாட்டுகளின் வேகத்தைக் குறைத்துக் கேசட்டுகளாக விற்றதே ஒரு தனி மரபாயிற்று. மிசிசிப்பிக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஒரு வட்டார இசை வளர அடர்த்தியான நகரம் வேண்டும்: வானொலி நிலையம், இரவு விடுதிகள், கேசட்டைக் கமிஷனுக்கு வாங்கிவைக்கும் கடை, பக்கத்துத் தெருவில் போட்டிக்கு ஒருவன். மாநிலத்தின் பெரிய நகரமான ஜாக்சனிலேயே மக்கள்தொகை சுமார் ஒன்றரை லட்சம்தான். ப்ளூஸ் பிறந்த மண், கறுப்பின மக்களின் விகிதம் வேறெந்த மாநிலத்தையும்விட அதிகம், ஆனால் பாட வருகிறவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வடக்கே சிகாகோவுக்கோ மேற்கே லாஸ் ஏஞ்சல்ஸுக்கோ போயாக வேண்டும். ப்ளூஸ்காரர்கள் போனார்கள். ராப்காரர்கள் அட்லான்டா போகிறார்கள்.

டேவிட் பேனர் அந்தச் சூழலில் ஒற்றை ஆளாக நின்றவர். பல்கலைக்கழகத்தில் மாணவர் தலைவராக இருந்தவர், ஆனால் பாட்டில் முரடன். அதே ஆல்பத்தில் 'காடிலாக் ஆன் 22ஸ்' என்று கிட்டாரை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு கடவுளிடம் முறையிடுகிற ஒரு பாட்டு இருக்கிறது. தலைப்போ பெரிய சக்கரம் போட்ட காரைப் பற்றியது. காரும் கடவுளும் ஒரே பாட்டுக்குள். பிக் கிரிட் இந்த இடத்திலிருந்துதான் கிளம்புகிறார் என்பது என் எண்ணம்.

*

ஜஸ்டின் ஸ்காட் 1986இல் பிறந்தவர். ஊர் மெரிடியன், நான் படித்த இடத்திலிருந்து தெற்கே ஒன்றரை மணி நேர ஓட்டம். சுமார் முப்பத்தைந்தாயிரம் பேர் வாழும் ரயில் சந்திப்பு ஊர். கன்ட்ரி இசையின் தந்தை என்று வெள்ளையர்கள் கொண்டாடுகிற ஜிம்மி ராட்ஜர்ஸ் இந்த ஊர்க்காரர். 1964 ஜூனில், கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக வேலை செய்ததற்காகப் பக்கத்து நெஷோபா கவுன்டியில் இரண்டு தோழர்களோடு கொன்று புதைக்கப்பட்ட ஜேம்ஸ் சேனியும் இந்த ஊர்க்காரர்தான். அப்போது அவருக்கு 21 வயது. நான் அங்கே படித்த காலத்தில் மாநிலக் கொடியின் மூலையில், அடிமை முறையைக் காக்கப் போர் நடத்திய கூட்டமைப்பின் சின்னம் பறந்துகொண்டிருந்தது, 2020இல்தான் எடுத்தார்கள். இரண்டு வருஷம் அந்தக் கொடியின் கீழே நடந்து வகுப்புக்குப் போனேன். ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

கிரிட் என்பது 'கிங் ரிமெம்பர்ட் இன் டைம்' என்பதன் சுருக்கம்: காலத்தால் நினைக்கப்படும் ராஜா. ஆள் இன்னும் அறிமுகமே ஆகாத நிலையில் இப்படி ஒரு பட்டம் சூட்டிக்கொள்வதை நம் ஊர்க் கட் அவுட் கலாசாரத்தில் வளர்ந்தவர்கள் சுலபமாகப் புரிந்துகொள்வோம். 2010 மே மாதம் 'கிரிட் வாஸ் ஹியர்' மிக்ஸ்டேப்பை இணையத்தில் இலவசமாக விட்டார். எழுத்து, குரல் மட்டுமல்ல, எல்லாப் பாட்டுக்கும் பீட் செய்ததும் அவரே. அப்போது நான் கன்சல்டன்டாகி, திங்கள் காலை விமானம், வாடகைக் கார், வியாழன் இரவு திரும்பல் என்று வாழ்ந்துகொண்டிருந்தேன். முதலில் கேட்டது அப்படியொரு வாடகைக் காரில். ஸ்பீக்கர் சுமார்தான். ஆனாலும் ரச மூடி ஞாபகம் வந்தது.

அந்த மிக்ஸ்டேப்பின் சிறந்த பாட்டு 'ஹோம்டவுன் ஹீரோ'. லண்டன் பெண்ணான அடெல் தன் ஊரைப் பற்றிப் பாடிய பாட்டின் பியானோவை எடுத்து மெரிடியனுக்குப் பொருத்திவிட்டார். எடுத்த பொருளுக்கும் வைத்த இடத்துக்கும் கடல் தூரம், ஆனால் ஒட்டு தெரியவில்லை. ஊரைப் பற்றி யார் பாடினாலும் அடியில் ஓடுவது ஒரே ஏக்கம் என்று பீட்டே சொல்லிவிடுவதால், வரிகள் அதைச் சொல்ல வேண்டியதில்லை. சாம்பிள் என்ற கலையை 'திருட்டு' என்று ஒதுக்குகிற நண்பர்களுக்கு நான் போட்டுக்காட்டுகிற பாட்டு இது.

2011 மார்ச்சில் வந்த 'ரிட்டர்ன் ஆஃப் 4எவா'வும் இலவசம். இதில் 'தி வென்ட்' என்ற பாட்டில் மேளம் ஏறக்குறைய ஒதுங்கிக்கொள்ள, குரல் மட்டும் புலம்பலாக வருகிறது. இன்னொரு பாட்டுக்கு நீளமான தலைப்பு. பேராசையைப் போற்றி இனவெறிக்குத் தீனி போடும் இன்னொரு அப்பாவி என்று பொருள்படும். அதன் முதலெழுத்துகளைக் கோத்தால் கறுப்பின மக்களைக் கேவலப்படுத்தும் அந்த வசைச்சொல் வரும். தன் மக்களைப் பார்த்துத் தானே கேட்கிற கேள்வி. அதே மனிதர் நாலு பாட்டுக்கு அந்தப் பக்கம் கார், சக்கரம், சப்வூஃபர் என்று குதூகலிக்கிறார். இந்த முரண் அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் இந்தக் கட்டத்தில் இரண்டையும் அடுத்தடுத்து வைக்கிறாரே தவிர, மோதவிடவில்லை. அதற்கு இன்னும் ஆறு வருஷம் ஆனது.

*

புகழ்பெற்ற டெஃப் ஜாம் நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்துகொண்டது. 2011இல் 'எக்ஸ்எக்ஸ்எல்' பத்திரிகை, வளரும் ராப்பர்கள் பட்டியலில் கென்ட்ரிக் லமாருக்குப் பக்கத்தில் அவரையும் நிறுத்தியது. 2012 ஜூனில் 'லைவ் ஃப்ரம் தி அண்டர்கிரவுண்ட்', 2014 நவம்பரில் 'காடிலாக்டிகா'. இரண்டும் பில்போர்டு 200 பட்டியலில் 5ஆம் இடத்தில் நுழைந்தன. ஆனாலும் இரண்டுமே மிக்ஸ்டேப்புகளுக்குக் கீழேதான் என்பது அன்றைக்கே கேட்டவர்களின் பொதுவான தீர்ப்பு. பெரிய நிறுவனம் நல்ல கலைஞனைக் கெடுத்துவிட்டது என்ற வழக்கமான கதையாக அது சொல்லப்படுகிறது. பாதி உண்மை.

உண்மையான பாதி இது. விற்பனைக்கு வரும் ஆல்பத்தில் பழைய பாட்டின் ஒரு துண்டைச் சேர்க்க வேண்டுமானால் இரண்டு அனுமதி வாங்க வேண்டும்: ஒலிப்பதிவை வைத்திருப்பவரிடம் ஒன்று, பாட்டை எழுதியவரின் உரிமையாளரிடம் ஒன்று. இருவரில் ஒருவர் மறுத்தாலும் பாட்டு இல்லை. சம்மதித்தாலும் வருமானத்தில் கணிசமான பங்கு போய்விடும். இலவச மிக்ஸ்டேப்பில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத விஷயம், கடைக்கு வரும்போது வக்கீல் விஷயமாகிறது. பழைய சோல், ஃபங்க் இசைத்தட்டுகளின் துண்டுகளிலிருந்து தன் ஊரைக் கட்டியெழுப்பிய ஆளிடம் செங்கல்லைப் பிடுங்கிக்கொண்டு வீடு கட்டச் சொன்ன மாதிரி.

மறுபாதிக்கு நிறுவனம் பொறுப்பல்ல. தெற்கின் பிரதிநிதி என்ற வேடம் அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. 'மை சப்' என்று சப்வூஃபரைப் புகழ்ந்து 'ரிட்டர்ன் ஆஃப் 4எவா'வில் ஒரு பாட்டு வைத்தார். அடுத்த ஆல்பத்தில் அதன் இரண்டாம் பாகம், அதற்கடுத்ததில் மூன்றாம் பாகம், பிறகு நான்காம் பாகம். 'கூல் டு பி சதர்ன்' என்று ஒரு பாட்டு, தலைப்பே போதும். வட்டாரம் என்பது வாழ்கிற இடமாக இருந்தது போய், காட்டுகிற பொருளாகிவிட்டது.

தமிழில் இதை நாம் நன்றாகவே பார்த்திருக்கிறோம். இடைசெவல் கி. ராஜநாராயணன் எழுதியபோது கரிசல் பேச்சு கதையின் உயிராக இருந்தது. அந்தப் பேச்சில் கோபம், கஞ்சத்தனம், காமம், சாதி எல்லாம் கலந்து வரும். அவருக்குப் பின்னால் வந்த சிலருக்கு வட்டார வழக்கு ஒரு முத்திரையாகிப்போனது: பத்து சொல்லை அள்ளித் தெளித்துவிட்டால் மண்வாசனை தயார். புலம்பெயர்ந்த நாம் இதில் இன்னும் ஒரு படி மேலே. வீட்டு வரவேற்பறையில் வார்னிஷ் அடித்த உரல் ஒன்றை வைத்து அதில் பிளாஸ்டிக் பூ போட்டிருக்கிறோம். என் வீட்டிலும் இருக்கிறது. அதில் மாவாட்டிய யாரும் அதை வரவேற்பறையில் வைத்திருக்க மாட்டார்கள்.

இந்தக் குறையிலிருந்து தப்பிய பாட்டு 'லைவ் ஃப்ரம் தி அண்டர்கிரவுண்ட்' ஆல்பத்திலேயே ஒன்று உண்டு: 'ப்ரேயிங் மேன்'. மிசிசிப்பியின் இண்டியனோலாவைத் தன் ஊராகச் சொல்லிக்கொண்ட பி.பி. கிங், 86 வயதில், இதில் பாடி கிட்டார் வாசித்திருக்கிறார். அடிமைக் காலத்துக் கொடுமைகளின் நடுவில் நிற்கிற மனிதனைப் பற்றிய கதைப்பாட்டு. இதில் கிரிட் தெற்கத்தியப் பெருமை பேசவில்லை. பெருமை பேச எதுவுமில்லாத ஒரு தெற்கிலிருந்து பேசுகிறார். நான் படித்த காலத்தில் 82ஆம் நெடுஞ்சாலையில் மேற்கே டெல்டா பக்கம் ஒருமுறை போனோம். இரண்டு பக்கமும் பருத்தி வெடித்துக் கிடந்தது, ரொட்டி வடிவத்தில் பொதிகளை அடுக்கித் தார்ப்பாய் போர்த்தியிருந்தார்கள். எங்கள் ஊர் மாதிரியே இருக்கிறது என்று காரிலிருந்தே போட்டோ எடுத்தேன். அந்தப் பருத்தியை யார், எந்த நிலையில், எத்தனை தலைமுறை பறித்தார்கள் என்ற எண்ணம் எனக்கு வரவே இல்லை. எங்கள் ஊரிலும் பருத்தி பறித்தவர்கள் வேறு தெருக்காரர்கள்தான்.

'காடிலாக்டிகா'வைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மற்ற தயாரிப்பாளர்கள் உள்ளே வந்தார்கள், ஒலி பளபளப்பானது. ரஃபேல் சாடிக்கோடு செய்த 'சோல் ஃபுட்' மட்டும் நிற்கிறது. பாட்டி வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்கிற பாட்டு. அதே வருஷம் தனியாக வெளியிட்ட 'மவுண்ட் ஒலிம்பஸ்' அதைவிட உயிர்ப்புள்ளது. கென்ட்ரிக் லமார் 2013இல் ஒரு பாட்டில் போட்டியாளர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லி, அதில் கிரிட்டையும் சேர்த்திருந்தார். திடீரென்று எல்லோரும் இவரிடம் பதில் பாட்டு கேட்டார்கள். இவ்வளவு நாள் நான் கன்ட்ரி, இப்போது மட்டும் ஹிப் ஹாப்பைக் காப்பாற்ற நான் வேண்டுமா என்று சீறினார். அந்தக் கோபத்தில் வேடம் கழன்று விழுந்துவிட்டது.

*

2016இல் டெஃப் ஜாமை விட்டு வெளியே வந்தார். 2017 அக்டோபர் 27 அன்று தன் சொந்த நிறுவனமான மல்டி அலம்னை வழியாக '4எவா இஸ் எ மைட்டி லாங் டைம்' வெளிவந்தது. சுயாதீனம் என்ற சொல்லை நாம் கொஞ்சம் ரொமான்டிக்காகப் பயன்படுத்துகிறோம். பிஎம்ஜி போன்ற பெரிய நிறுவனம் இதிலும் கைகொடுத்தது. முடிவு யாருடையது என்பதுதான் வித்தியாசம். இரட்டை ஆல்பம், 22 பாட்டுகள். எந்த நிறுவன மேலாளரும் இரண்டாம் தட்டைச் சுருக்கச் சொல்லியிருப்பார்.

முதல் தட்டின் பெயர் 'பிக் கிரிட்'. இரண்டாம் தட்டின் பெயர் 'ஜஸ்டின் ஸ்காட்'. பட்டப்பெயர் ஒரு பக்கம், அம்மா வைத்த பெயர் மறுபக்கம். யோசனை என்ற அளவில் இது எளிமையானது. பள்ளி நாடகத்தில்கூட வரும். அதைச் செய்திருக்கும் விதம்தான் விசேஷம்.

முதல் தட்டில் அவர் இதுவரை செய்ததெல்லாம் உச்ச ஸ்தாயியில் வருகிறது. டி.ஐ.யோடு 'பிக் பாங்க்'. பன் பியோடும் இறந்துபோன பிம்ப் சியின் குரலோடும் 'ரைட் வித் மீ'. சப்வூஃபர் பாட்டின் நான்காம் பாகம் இங்கேதான். நான் முன்பு குறையாகச் சொன்னது இந்த இடத்தில் குறையாகத் தெரியவில்லை, ஏனென்றால் இது வேடம் என்று தட்டின் மேலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்.

இரண்டாம் தட்டைத் திருப்பியதும் ஒலியின் உயரம் இறங்குகிறது. பேஸ் இருக்கிறது, ஆனால் அதிரவில்லை. தேவாலயத்து ஆர்கன், பின்னணியில் பல குரல்கள், உண்மையான வாத்தியங்கள். 'மிக்ஸ்ட் மெசேஜஸ்' தன்னிடம் உள்ள முரண்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வைக்கிறது. 2011இல் பக்கத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்தவை இப்போது ஒன்றையொன்று முகம் பார்க்கின்றன. 'ப்ரைஸ் ஆஃப் ஃபேம்' மன அழுத்தத்தையும், பணம் வந்தவனைச் சுற்றி உறவுகள் மாறிப்போவதையும் சொல்கிறது. கறுப்பின ஆண்கள் மன நோயைப் பற்றி இப்படி வெளிப்படையாகப் பேசுவது இன்றைக்கும் சுலபமில்லை. நம் ஆண்கள் பேசுவார்களா என்று கேட்டுப் பாருங்கள். லேஆஃப் ஆனதை மூன்று மாதம் வீட்டுக்குச் சொல்லாமல் தினமும் நூலகத்துக்குக் கிளம்பிப் போன நண்பர் ஒருவர் எனக்கு இருக்கிறார்.

'ட்ரிங்கிங் செஷன்ஸ்' இந்தத் தட்டின் மையம். கியான் ஹெரால்டின் ட்ரம்பெட் பின்னால் அலைய, குடித்த மனிதர் பேசுகிறார். தாளத்தைத் துரத்தாமல் கிட்டத்தட்ட உரைநடையாகப் பேசுகிறார். இந்த இடத்தில்தான் உச்சரிப்பைப் பற்றிய என் வாதம் முழுமையாகிறது. கிரிட்டின் தெற்கத்திய இழுவை முதல் தட்டில் ஓர் ஆபரணம். இங்கே அது மனிதரின் மூச்சு. குடித்தவன், சோர்ந்தவன், பயந்தவன் எவனும் தன் உச்சரிப்பைத் திருத்திக்கொள்வதில்லை. உயிரெழுத்து நீள்கிற ஒவ்வோர் இடத்திலும் மெரிடியன் கேட்கிறது, அவர் அந்த ஊரின் பெயரைச் சொல்லாமலேயே.

இதை எழுதும்போது ஒரு சங்கடம். வாடிக்கையாளர் அழைப்பு வந்தால் என் குரல் மாறிவிடும். பதினைந்து வயதாகும் என் மகள் அதற்கு 'ஆபீஸ் குரல்' என்று பெயர் வைத்திருக்கிறாள். அப்படியே பேசியும் காட்டுவாள். இருபது வருஷமாக ஒரு மைக்கின் முன்னால் உயிரெழுத்துகளைச் சுருக்கிக்கொண்டிருக்கிற ஆள், இன்னொருவர் அவற்றை நீட்டுவதைப் பாராட்டி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அதே தட்டில் 'மிஸ் ஜார்ஜியா ஃபோர்னியா' என்று ஒரு பாட்டு. மிசிசிப்பி, ஜார்ஜியா, கலிஃபோர்னியா மூன்றையும் உடைத்துக் கோத்த பெயர். ஊரைப் பெண்ணாக்கி, அவளை விட்டுவிட்டுப் போனதைப் பாடுகிறார். ஜோயின் குரல் கூட வருகிறது. ஊரைப் பெண்ணாக உருவகிப்பது தேய்ந்துபோன உத்தி, அதில் எனக்குச் சலிப்பு உண்டு. ஆனால் இந்தப் பாட்டில் போனவன் தன்னை நியாயப்படுத்திக்கொள்ளவில்லை. உன்னை உலகத்துக்குத் தெரியவைக்கத்தான் போனேன் என்ற வழக்கமான சமாதானத்தில் அவனுக்கே நம்பிக்கை இல்லாதது குரலில் தெரிகிறது. தெற்கின் கொடியைப் பத்து வருஷம் தூக்கிப் பிடித்த ஆள் அந்தத் தெற்கிலேயே தன் மாநிலத்தை விட்டு வெளியேறியவர் என்ற விஷயத்தை, அவரை மண்ணின் மைந்தன் என்று புகழ்கிற விமர்சகர்கள் கவனமாகத் தவிர்க்கிறார்கள். மண்ணை விட்டவனுக்குத்தான் மண்ணின் மைந்தன் என்ற பட்டம் தேவைப்படுகிறது. நம் சங்க விழாக்களின் அழைப்பிதழ்களைப் பார்த்தாலே தெரியும்.

ஆல்பத்தில் குறைகள் இல்லாமல் இல்லை. முதல் தட்டில் பெண்கள் வரும் விதம் அந்த வகைப் பாட்டின் பழைய பழக்கத்தை விட்டு ஓர் அடிகூட நகரவில்லை. இரண்டாம் தட்டின் சுயவிசாரணை எவ்வளவு ஆழமானாலும் அந்தக் கணக்கை அது திறப்பதே இல்லை. பணத்தோடும் கடவுளோடும் குடியோடும் வாதாடுகிறவர் அதை மட்டும் தாண்டிப் போய்விடுகிறார். கடைசிப் பாட்டு 'பரி மீ இன் கோல்ட்' பெரிய முடிவாக இருக்க வேண்டும் என்று முயன்று கொஞ்சம் பெருத்துவிட்டது. எனக்கு 'ட்ரிங்கிங் செஷன்ஸ்' முடியும் இடத்திலேயே ஆல்பம் முடிந்துவிடுகிறது.

*

அதற்குப் பிறகு வந்தவற்றில் 2019இன் 'கிரிட் இஸ் ஹியர்' முதல் மிக்ஸ்டேப்பின் பெயரைத் திருப்பிப் போட்டது. பெயரில் இருந்த துணிச்சல் பாட்டுகளில் இல்லை. 2022இன் 'டிஜிட்டல் ரோசஸ் டோன்ட் டை' ராப்பைக் குறைத்து, எழுபதுகளின் ஃபங்க் சாயலில் காதலைப் பாடுகிறது. இதமான ஆல்பம், சமையல் செய்யும்போது போட்டுவைக்கலாம். தெற்கைப் பற்றி எதையும் நிரூபிக்க வேண்டிய கட்டாயம் இல்லாத முதல் ஆல்பம் என்ற அளவில் எனக்கு அதன்மேல் ஒரு பிரியம் இருக்கிறது.

மிசிசிப்பி ராப் இன்று அவரோடு நிற்கவில்லை. டூபலோவில் வளர்ந்த ரே ஸ்ரெமர்ட் சகோதரர்கள் அவரைவிடப் பல மடங்கு பிரபலமானார்கள், தெற்கைத் தோளில் சுமக்காமலேயே. அவர்கள் பாட்டில் ஊர் இல்லை, கொண்டாட்டம்தான் இருக்கிறது. என் மகளுக்கு அவர்களைப் பிடிக்கும். பிக் கிரிட்டைப் போட்டால், அப்பா, இவர் எதற்கு எப்போதும் தன் ஊர் எது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார் என்று கேட்கிறாள். டெக்சஸில் பிறந்தவள், நீ எந்த ஊர் என்று பள்ளியில் வாரம் ஒருமுறை கேட்கப்படுகிறவள். அவளுக்கு அந்தக் கேள்வியே அலுத்துவிட்டது. அவள் கேட்டதற்கு என்னிடம் சரியான பதில் இல்லை. 'மிஸ் ஜார்ஜியா ஃபோர்னியா'வைப் போட்டேன். பாதியில் தன் இயர்போனை மாட்டிக்கொண்டாள்.

கேட்க நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மடிக்கணினியிலோ போனிலோ கேட்காதீர்கள். பாதி பாட்டு அந்தச் சின்ன ஸ்பீக்கர்களில் வராது. இவை காருக்காகச் செய்யப்பட்டவை. '4எவா இஸ் எ மைட்டி லாங் டைம்' ஆல்பத்தை முதல் தட்டிலிருந்து வரிசையாகக் கேளுங்கள், இரண்டாம் தட்டுக்குத் தாவாமல், சுமார் ஒன்றரை மணி நேரம் ஓட்டக்கூடிய ஒரு சாலையில். பக்கத்தில் யாராவது நனைந்துகொண்டு நடந்தால் ஏற்றிக்கொள்ளுங்கள்.